பத்துக் கன்று நட்டால் ஒரு புளிய மரத்துக்கு ஈடாகுமா?

கேள்வி: பிப்ரவரி 9

எங்க ஊர் ரோட்டை அகலப்படுத்தப் போறாங்க. ரெண்டு பக்கமும் இருக்கிற புளிய மரத்துக்கெல்லாம் நம்பர் போட்டாச்சு. உடனே 'வெட்டாதே'ன்னு ஒரு கூட்டம் கிளம்பிடுச்சு. ஒண்ணு வெட்டினா பத்து நடணும்னு கோர்ட்டே சொல்லியிருக்கு, நடத்தானே போறாங்க? மரத்துல மோதிச் செத்தவங்களைப் பத்தி யாரும் வாயே திறக்கறதில்லை. ஆக்சிஜன் குறையும், மழை வராதுன்னு பயமுறுத்தறதை விட்டுட்டு, ஒரு ரோட்டோர மரத்தால நிஜமா என்ன பிரயோஜனம்னு யாராவது சொல்லுங்க.

பதில்: பிப்ரவரி 9, இரவு

ஆக்சிஜன் விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நான். காற்றில் ஏறத்தாழ 21 சதவீதம் ஆக்சிஜன். ஒரு சாலையின் மரங்களை மொத்தமாக வெட்டினாலும் அங்கே யாருக்கும் மூச்சுத் திணறாது. 'ஒரு மரம் இத்தனை பேருக்கு ஆக்சிஜன் தருகிறது' என்று பள்ளிக்கூடச் சுவரில் எழுதி எழுதி, மரம் செய்கிற மற்ற வேலையெல்லாம் மறந்து போயிற்று. மழையும் அப்படித்தான். மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டுக்கும் நம் மழைக்கும் தொடர்பு உண்டு. ஊர் எல்லையில் பத்துப் புளிய மரம் நின்றால் மேகம் இறங்கிவிடும் என்பதற்கு ஆதாரம் கிடையாது.

ரோட்டோர மரத்தை நட்டவர்கள் இதற்காக நடவில்லை. நிழலுக்காக நட்டார்கள். 'அசோகர் சாலையின் இருபுறமும் மரம் நட்டார்' என்பதைப் பரீட்சைக்கு மனப்பாடம் செய்யாதவர் யார்? அவருடைய ஏழாம் தூண் கல்வெட்டில் காரணமும் இருக்கிறது: மனிதருக்கும் விலங்குக்கும் நிழல் தர வழியெங்கும் ஆலமரம் வைத்தேன் என்கிறார். மங்கம்மாள் சாலை என்று இன்றும் தென்மாவட்டத்தில் சொல்கிறார்களே, அதை நினைத்தால் மரமும் சத்திரமும் சேர்ந்தேதான் நினைவுக்கு வரும். நடந்து போகிறவரும் வண்டி மாடும் பகலில் அந்த வழியைக் கடக்க முடிய வேண்டும், அவ்வளவுதான் நோக்கம்.

இப்போது யார் நடக்கிறார்கள் என்று கேட்பீர்கள். பஸ்ஸுக்கு நிற்கிறவர், பள்ளி விட்டு வரும் பிள்ளை, நூறு நாள் வேலைக்குப் போகிற அம்மாக்கள், பஞ்சர் கடைக்காரர், இளநீர் வெட்டுகிறவர், இஸ்திரி வண்டிக்காரர். காருக்குள் இருக்கிற ஒருவரை விட்டுப் பாருங்கள், மற்ற எல்லாரும் வெயிலில்தான் இருக்கிறார்கள்.

பிப்ரவரி 10

பத்துக் கன்று கணக்கைப் போட்டே பார்த்துவிடுவோம். எங்கள் பக்கம் (காவேரிப்பட்டணத்துக்குப் பக்கத்துக் கிராமம்) பழைய புளிய மரம் ஒன்றின் கவிகை, அதாவது குடை மாதிரி விரிந்த கிளைப் பரப்பு, குறுக்காக 50 அடி சாதாரணமாக இருக்கும். உச்சி வெயிலில் அதன் கீழே விழும் நிழல் சுமார் 1,960 சதுர அடி. நட்டு ஒரு வருஷம் ஆன கன்றின் அகலம் மூன்று அடி என்று தாராளமாகவே வைத்துக்கொள்ளுங்கள். அதன் நிழல் ஏழு சதுர அடி. பத்துக் கன்றும் பிழைத்தால் 70. போனது 1,960, வந்தது 70. அந்த நிழலைக் கன்றால் ஈடுகட்ட வேண்டுமானால் 280 கன்று வேண்டும். அதுவும் ஒன்று விடாமல் பிழைத்து, ஒரே இடத்தில் நெருக்கி நின்று.

'வளருமே' என்பார்கள். வளரும்தான். விதை போட்டு வந்த புளி காய்க்கவே எட்டுப் பத்து வருஷம் ஆகும். பத்துப் பேர் உட்காருகிற நிழல் தர அதற்கும் மேல். அதுவரை அந்த பஸ் ஸ்டாப்பில் நிற்கிறவர் எங்கே போவார்?

பிப்ரவரி 12

மரத்தில் மோதிச் செத்தவர்கள் பற்றி. இதைச் சும்மா தட்டிக் கழிக்க முடியாது. 'புளிய மரத்தில் கார் மோதி' என்று செய்தி வராத வாரம் இல்லை. எங்கள் ஊரிலேயே அப்படிப் பிள்ளையைப் பறிகொடுத்த வீடு இருக்கிறது. அந்த அம்மாவிடம் போய் மரத்தின் அருமையைப் பேச எனக்கு வாய் வராது.

நான் யோசித்து வந்து நிற்கிற இடம் இது. நூறு கிலோமீட்டர் வேகத்துக்குப் போடுகிற நாலுவழிச் சாலையில், தாரை ஒட்டி அடிமரம் நிற்கக் கூடாது. கிருஷ்ணகிரியிலிருந்து சேலம் போகும் சாலையில் அப்படித்தான் வரிசை வரிசையாகப் போயிற்று. மனசு கேட்கவில்லை என்றாலும் அந்த நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனால் நாற்பதில் போகிற ஊர்ச் சாலைக்கும் அதே அளவுகோலை ஏன் எடுத்து வருகிறார்கள்? அங்கே ஒரு பக்கத்து வரிசையை அப்படியே விட்டு, மறுபக்கம் மட்டும் அகலப்படுத்தலாம். மரத்தில் வெள்ளையும் கறுப்பும் பட்டை அடித்து, ஒளிரும் வில்லை பொருத்தலாம். வளைவில் தாரை ஒட்டி நிற்கிற இரண்டு மரத்தை எடுத்துவிட்டு மற்றதை விடலாம். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே எண் வரிசையாகப் பெயின்ட் அடிக்கும்போதுதான் எனக்குக் கோபம் வருகிறது. எது ஆபத்து, எது நிழல் என்று மரம் மரமாகப் பார்க்க ஒரு நாள் போதும்.

பிப்ரவரி 12, சற்று நேரம் கழித்து

நாலுவழிச் சாலையிலும் வழி இருக்கிறது என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சர்வீஸ் ரோட்டுக்கு வெளிப்பக்கம், அரசு நிலம் முடிகிற ஓரத்தில் நிழல் மரம் வைத்தால் வேகமாகப் போகிற வண்டிக்கு எட்டாது, நடக்கிறவருக்கு எட்டும். ஆனால் பல இடத்தில் 'நட்டாச்சு' என்று காட்டுவது நடுத் திட்டில் இருக்கும் செவ்வரளியையும் காகிதப்பூவையும். எதிர்வண்டி வெளிச்சம் கண்ணில் அடிக்காமல் இருக்க அது நல்லதுதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அரளிச் செடியின் கீழே யாராவது ஒதுங்கிப் பார்த்திருக்கிறீர்களா?

பிப்ரவரி 15

'ஏலம்' என்று யாரோ குறிப்பிட்டதைப் பார்த்து ஒருவர் என்ன ஏலம் என்று கேட்டிருக்கிறார். சென்னைக்காரர் போல. விவரமாகவே எழுதுகிறேன், எனக்கு இது சாப்பாட்டு விஷயம்.

சாலையோரப் புளிய மரங்களின் மகசூலை வருஷா வருஷம் நெடுஞ்சாலைத் துறை ஏலம் விடும். மரத்தில் அடித்திருக்கும் எண் வெட்டுவதற்கு மட்டும் அல்ல, ஏலத்துக்கும் அந்த எண்தான். என் அப்பாவும் இன்னும் இரண்டு பேரும் கூட்டாகச் சேர்ந்து எடுப்பார்கள். எடுத்த நாளிலிருந்து அந்த மரங்கள் வீட்டுப் பேச்சாகிவிடும். எது பூ உதிர்த்துவிட்டது, எதில் பிஞ்சு நிற்கிறது, பழம் எதில் இனிப்பு தட்டும் என்று எண்ணைச் சொல்லியே பேசுவார்கள். தை கடைசியில் தொடங்கி பங்குனி வரை உலுக்கல். கிளையில் ஏறி நின்று காலால் மிதித்து உலுக்குவார் ஒருத்தர். எட்டாத கொம்புக்குத் துரட்டி. கீழே பழைய சேலைகளை விரித்து வைத்திருப்போம். நன்றாகக் காய்க்கிற மரத்தில் ஓட்டோடு நூறு, நூற்றைம்பது கிலோ இறங்கும்.

அப்புறம் வீட்டு வேலை. ஆயா வாசலில் கால் நீட்டி உட்கார்ந்து, இரண்டு காலுக்கும் நடுவில் ஒரு தட்டைக் கல். வெயிலில் காய்ந்த பழம் என்றால் ஓடு விரலால் நசுக்கினாலே நொறுங்கும். பனி விழுந்த காலையில் தொட்டால் ஓடு சதையோடு ஒட்டிக்கொண்டு வராது, அதனால் பதினொரு மணிக்கு மேல்தான் ஓடு உடைக்கத் தொடங்குவார். ஓடு போனதும் முதுகில் ஓடுகிற நாரைக் காம்போடு பிடித்து ஒரே இழுப்பு. பிறகு பழத்தைக் கல்லில் வைத்துச் சின்னச் சுத்தியலால் பக்கவாட்டில் ஒரு தட்டு, கொட்டை பிதுங்கி வெளியே வரும். பலமாகத் தட்டினால் கொட்டை உடைந்து சதையில் கலந்துவிடும், வியாபாரி தள்ளிவிடுவார். விரலிடுக்கெல்லாம் புளி ஏறிக் காந்தும். ராத்திரி தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டுதான் படுப்பார்கள். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. தர்மபுரி, கிருஷ்ணகிரியில் விவசாய வேலை இல்லாத மாசங்களில் பெண்கள் கையில் காசு புரள்வது இதனால்தான்.

எதுவும் வீணாகாது. ஓடு அடுப்புக்கு. கொட்டையை வாங்கி அரைத்துத் துணிக்குக் கஞ்சி போடுகிற மாவாக்குகிறார்கள். எங்களுக்குக் கொட்டையை மணலில் வறுத்துக் கொடுப்பார் ஆயா, பள்ளிக்கூடம் முடியும் வரை கடித்துக்கொண்டிருக்கலாம். பல்லாங்குழிக்கு அதுதான் காய். கொழுந்து துவையலுக்கு.

வெட்டுகிற மரத்துக்கு மதிப்புப் போடும்போது விறகு எத்தனை டன் என்று பார்க்கிறார்கள். இந்த ஊர்க் கூலி அந்தத் தாளில் எங்கேயும் வராது.

பிப்ரவரி 16

புளிய மரத்தில் பேய் பற்றிக் கேட்ட தம்பிக்கு: இரவில் மரம் கரியமில வாயு விடுவதால்தான் பெரியவர்கள் அப்படிச் சொன்னார்கள் என்பது இப்போது வாட்ஸ்அப்பில் சுற்றுகிற விளக்கம். எல்லா மரமும் இரவில் அந்த வாயுவை விடும், புளி மட்டும் அல்ல. திறந்த வெளியில் அது காற்றோடு கலந்துவிடும், கீழே படுத்தவருக்கு ஒன்றும் ஆகாது. எங்கள் அப்பா காவலுக்கு மாசக்கணக்கில் அதன் கீழேதான் கயிற்றுக்கட்டில் போட்டுப் படுத்தார். பயமுறுத்துவது எது என்றால், இரவில் அதன் இலை மடிந்து மரம் வேறு மாதிரித் தெரியும், பொந்தில் இருக்கும் புள்ளி ஆந்தை திடீரென்று கத்தும்.

ஆந்தை என்றதும் நினைவு வந்தது. அந்தப் பொந்துகள் புதுக் கன்றில் கிடையாது. கிளை முறிந்து, உள்ளே உளுத்து, பொந்தாகப் பல வருஷம் ஆகும். கிளி, மைனா, ஆந்தை எல்லாம் அதில் குடியிருக்கின்றன. ஆந்தை வயலில் எலி பிடிக்கிறது. சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடியில் கண்மாய் மரங்களில் அடையும் பறவைகளுக்காக, கொள்ளுகுடிப்பட்டிக்காரர்கள் தலைமுறையாகத் தீபாவளிக்கு வெடியே போடுவதில்லை. சட்டம் போட்டு வந்த பழக்கம் அல்ல அது.

பிப்ரவரி 20

நிழல் என்றால் கூரை போட்டால் போயிற்றே என்று ஒரு பதில் வந்திருக்கிறது. நல்ல கேள்வி, ஏனென்றால் எங்கள் பஸ் ஸ்டாப்பில் அதைத்தான் செய்தார்கள். நாலுவழிச் சாலை வந்ததும் தகரக் கூரையும் ஸ்டீல் பெஞ்சும் வைத்தார்கள். சித்திரையில் மதியம் அந்தப் பெஞ்சில் உட்கார முடியாது, தொடையில் சூடு வைத்த மாதிரி இருக்கும். எல்லாரும் கூரைக்குப் பின்னால், பழைய வரிசையில் தப்பிப் பிழைத்த ஒரே ஒரு வேம்பின் கீழே நிற்கிறோம். பஸ் வந்தால் ஓடி வருகிறோம். கண்டக்டருக்கும் அது தெரியும், கொஞ்சம் தள்ளியே நிறுத்துவார்.

காரணம் சிக்கலானது அல்ல. தகரம் வெயிலை மறைக்கும், ஆனால் தானே சூடாகி அந்தச் சூட்டைக் கீழே இறக்கும். மரம் வேரால் உறிஞ்சிய தண்ணீரை இலைத் துளை வழியாக ஆவியாக விடுகிறது. தண்ணீர் ஆவியாகச் சூடு வேண்டும், அது இலையிலிருந்தும் சுற்றுக் காற்றிலிருந்தும் போகிறது. அதனால் இலை தகரம் மாதிரி கொதிப்பதில்லை. கீழே இருக்கும் தாரும் மண்ணும் வெயிலையே பார்க்காததால் அவையும் நம் மேல் சூட்டை வீசுவதில்லை. கோடையில் வெயில் படும் தார்ச் சாலையின் மேற்பரப்பு 60 டிகிரியைத் தொடும். செருப்பில்லாமல் நடக்கிற ஆடு மாட்டைக் கேட்டால் சொல்லும்.

2024 கோடையில் ஈரோட்டில் 40 டிகிரிக்கு மேல் எத்தனை நாள் அடித்தது என்று கொங்கு பக்கத்துக்காரர்களுக்கு நினைவிருக்கும். அந்த வருஷம்தான் வெப்ப அலையைத் தமிழக அரசு மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெயிலில் வேலை செய்து செத்தால் நிவாரணம் உண்டு. வெயிலில் நிற்காமல் இருக்க ஒரு வரிசை மரம் இருந்தால் அதைவிட நல்லது என்பது என் எண்ணம்.

பிப்ரவரி 23

வர்தா புயலை எடுத்துக் காட்டி, 'மரமே ஆபத்து' என்று எழுதியவருக்கு.

2016 டிசம்பர் 12 அன்று சென்னையில் ஆயிரக்கணக்கில் மரம் விழுந்தது உண்மை. விழுந்ததில் மயில்கொன்றை, பெருங்கொன்றை, தூங்குமூஞ்சி மாதிரி சீக்கிரம் வளர்கிற, அழகுக்கு வைத்த மரங்கள் நிறைய. ஆனால் வகையை மட்டும் குற்றம் சொல்லி முடித்துவிட முடியாது. விழுந்த மரங்களின் அடியைப் படத்தில் பாருங்கள். ஒரு பக்கம் வேரே இருக்காது. கால்வாய்க்கும் கேபிளுக்கும் தோண்டும்போது வெட்டியிருப்பார்கள். மறுபக்கம் அடிமரம் வரை சிமென்ட். வேருக்கும் மூச்சு வேண்டும். தண்ணீரும் காற்றும் இறங்காத மண்ணில் அது ஆழம் போகாது. அப்படி நிற்கிற மரம் எந்த வகையானாலும் பெருங்காற்றுக்குச் சாயத்தான் செய்யும்.

இதில் கம்பிக்காகக் கிளை கழிக்கிறவர்களும் சேர்த்தி. என் வீட்டு முன்னால் நானே வளர்த்த புங்கையைக் கம்பி ஓடுகிற பக்கம் மட்டும் மொட்டையடித்துவிட்டுப் போனார்கள். மரம் தெருப் பக்கம் சாய ஆரம்பித்தது. இரண்டு பக்கமும் சமமாகக் கழித்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. கெஞ்சிக் கேட்டும் 'எங்களுக்குக் கம்பிதாங்க கணக்கு' என்றார்கள். மறுபக்கம் நானே ஏறிக் கழித்துச் சரி செய்தேன்.

பிப்ரவரி 24

கஜாவை விட்டுவிட்டேனே என்று தஞ்சாவூர்க்காரர் ஒருவர் கேட்டிருக்கிறார். 2018 நவம்பர் 16. பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் தென்னை லட்சக்கணக்கில் சாய்ந்தது. பிள்ளை மாதிரி வளர்த்த தோப்பு ஒரே ராத்திரியில் போனால் அந்தக் குடும்பம் அடுத்த காய்ப்புக்கு எத்தனை வருஷம் காத்திருக்க வேண்டும் என்பதை அங்கே போய்ப் பார்த்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அதே ஊர்களில் பனை நின்றது. 1978 முதல் பனை நம் மாநில மரம். ஆனால் செங்கல் சூளைக்கு அடிமாட்டு விலையில் போய்க்கொண்டே இருந்தது. 2021 வேளாண் பட்ஜெட்டில்தான் 76 லட்சம் பனை விதை கொடுப்பதாகவும், வெட்டுவதற்கு மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்றும் அறிவித்தார்கள். கரையோர ஊர்க்காரர்கள் ஏரிக்கரையில் பனங்கொட்டை ஊன்றுவதைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருக்கிறது. தண்ணீர் ஊற்ற வேண்டாம், வேலி வேண்டாம், ஆடு கடிக்காது. பொறுமை மட்டும் வேண்டும்.

மார்ச் 2

மரம் என்றால் எல்லாம் நல்லது, எங்கும் நடலாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நீலகிரியில் சோலைக்கு நடுவே இருக்கும் புல்வெளி வெறும் நிலம் என்று நினைத்துச் சீகையையும் (வாட்டில் மரம், தலைக்குத் தேய்க்கும் சீயக்காய் அல்ல) தைல மரத்தையும் நட்டார்கள். அந்தப் புல்வெளியும் சோலையும் சேர்ந்துதான் மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பவானிக்கும் மோயாறுக்கும் விடுகின்றன. மரம் நட்டே ஒரு நீர்ப்பிடிப்பைக் கெடுத்த கதை அது. புதுக்கோட்டையில் தைல மரக் காட்டுக்கு எதிராக விவசாயிகள் இன்றும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

சீமைக் கருவேலமும் நட்டுப் பரவியதுதான். ஏரி, கண்மாய், வரத்துக்கால் எல்லாம் அடைத்துக்கொண்டது. எடுக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை.

மார்ச் 3

நேற்று எழுதிய கடைசிப் பத்தியில் ஒன்று சேர்க்க வேண்டும். ராமநாதபுரம் பக்கம் வறட்சியில் மற்ற எதுவும் விளையாத வருஷங்களில், சீமைக் கருவேலத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்கி விற்றுத்தான் எத்தனையோ குடும்பம் அடுப்பு எரித்தது. அதை ஒரேயடியாகப் பிடுங்கிவிட்டு வேறு ஏற்பாடு செய்யாமல் போனால் அந்த வீடுகளுக்கு என்ன பதில்? கண்மாய்க்குள் இருப்பதை முதலில் எடுத்து, பட்டா நிலத்தில் இருப்பதை அவர்கள் வேகத்துக்கு விடலாம். எடுத்த இடத்தில் உடனே நாட்டுக் கருவேலம், வேம்பு, பனை என்று வைக்காவிட்டால் அடுத்த மழைக்கு அதே முள் திரும்ப வந்து நிற்கும். விதை மண்ணிலேயே கிடக்கிறது, ஆடு மாட்டுச் சாணத்தில் வேறு வருகிறது.

மார்ச் 8

'வேரோடு பெயர்த்து வேறு இடத்தில் நடலாமே' என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். ஆல், அரசு, அத்தி வகைக்குச் சரி. அவற்றின் பெருங்கிளையைப் போத்தாக நட்டாலே துளிர்க்கும். பூவரசும் அப்படி. வயதான புளியும் வேம்பும் அவ்வளவு இடம் கொடுக்காது. ஆணிவேர் அறுந்து, கிளையெல்லாம் போய், மொட்டை அடிமரமாகப் போய் நிற்கும். பிழைத்தாலும் அந்த 1,960 சதுர அடி திரும்ப வர ஒரு தலைமுறை. பெயர்த்து நட்டதைப் படம் எடுத்துப் போடுகிறவர்கள் மூன்றாம் வருஷப் படத்தையும் போட்டால் நன்றாக இருக்கும்.

ஆலம்போத்து என்றதும் சாலுமரத திம்மக்கா. எங்கள் மாவட்டத்துக்கு மேற்கே, கர்நாடகத்தில் ஹுலிகல்லிலிருந்து கூதூர் போகும் சாலையில் 385 ஆலமரம் வளர்த்தவர். பிள்ளையில்லாத அவரும் கணவரும் குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றினார்கள், ஆடு மாடு மேயாமல் முள் வேலி கட்டினார்கள். 2019-ல் பத்மஸ்ரீ. அதே வருஷம் சாலை அகலப்படுத்த அந்த மரங்களையே வெட்டும் நிலை வந்து, தள்ளாத வயதில் அவர் முதலமைச்சரிடம் போய் முறையிட வேண்டியிருந்தது. விருது கொடுத்த மரத்துக்கே அந்தக் கதி என்றால், எண் மட்டும் போட்ட மரத்துக்கு யார் போய் நிற்பார்கள்?

அவர் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது தண்ணீர்க் குடம். நடுவது ஒரு நாள் வேலை. முதல் மூன்று கோடை யார் ஊற்றுவது என்று பெயர் எழுதாமல் எந்தக் கன்றையும் கணக்கில் சேர்க்கக் கூடாது. எங்கள் தெருவில் ஒவ்வொரு கன்றுக்குப் பக்கத்திலும் அடியில் ஓட்டை போட்ட பழைய மண்பானையைப் புதைத்து, ஓட்டையில் திரியாகத் துணி செருகி வைத்தோம். காலையில் ஒரு குடம் ஊற்றினால் மறுநாள் வரை வேரடியில் கசிந்துகொண்டே இருக்கும். மேலே தெளித்தால் வெயில் குடித்துவிடும்.

மார்ச் 9

இருபது அடித் தெருவுக்கு என்ன மரம் என்று கேட்டவருக்குச் சுருக்கமாக: புங்கை, பூவரசு, இடம் இருந்தால் வேம்பு. நாவல் வேண்டாம், பழம் விழுந்து தெரு வழுக்கும், அண்டை வீட்டோடு சண்டை. ஆலும் அரசும் வீட்டுச் சுவர்ப் பக்கம் வேண்டவே வேண்டாம், ஏரிக்கரைக்கும் கோயில் திடலுக்கும் வையுங்கள். மூன்றடிக்கு மூன்றடி குழி, அடிமரத்தைச் சுற்றி நாலடி மண்ணைச் சிமென்ட் படாமல் விடுங்கள். போர்டு மாட்ட ஆணி அடிக்க யார் வந்தாலும் விடாதீர்கள். பட்டைக்கு அடியில்தான் மரத்தின் சாப்பாடு ஓடுகிறது, ஆணி அந்த வழியைப் புண்ணாக்கிப் பூச்சிக்குக் கதவு திறந்து விடுகிறது.

மார்ச் 18

முதல் கேள்வி கேட்டவர் தனிச் செய்தியில், 'சரி, இப்ப நான் என்ன செய்யணும்?' என்று கேட்டிருந்தார். எல்லாருக்கும் பயன்படும் என்பதால் இங்கேயே எழுதுகிறேன்.

2021 முதல் மாவட்டத்துக்கு மாவட்டம் பசுமைக் குழு இருக்கிறது, ஆட்சியர்தான் தலைவர். அரசு நிலத்து மரத்தை வெட்ட அங்கே போக வேண்டும். 'வெட்டாதே' என்று மட்டும் எழுதினால் 'பத்து நடுகிறோம்' என்ற பதிலோடு கோப்பு மூடிவிடும். மரம் மரமாக எழுதிக் கொடுங்கள். எங்கள் ஊர்ச் சாலை மரங்களுக்கும் எண் போட்டிருக்கிறார்கள், அவற்றுக்கு நாங்கள் ஒரு நோட்டில் இப்படிக் கட்டம் போட்டோம்: மரத்தின் எண், வகை, நாலரை அடி உயரத்தில் அடிமரச் சுற்றளவு, தார் விளிம்பிலிருந்து எத்தனை அடி தள்ளி, பகல் பன்னிரண்டு மணிக்கு நிழல் குறுக்காக எத்தனை அடி, அந்த நிழலை யார் யார் பயன்படுத்துகிறார்கள், பொந்து உண்டா. நாடா பிடிக்கப் பள்ளிப் பிள்ளைகள் வந்தார்கள். ஏலம் எடுக்கிறவரிடம் கேட்டுப் போன வருஷக் காய்ப்பையும் எழுதினோம்.

அளந்து பார்த்தபோது ஒன்று தெரிந்தது. மேற்கு வரிசையில் பாதி மரங்கள் புதுச் சாலை வர வேண்டிய எல்லைக்கு வெளியேதான் நிற்கின்றன. அவற்றுக்கும் சேர்த்து எண் போட்டிருக்கிறார்கள். வளைவில் நிற்கும் இரண்டு மட்டும் உண்மையிலேயே ஆபத்து, அதை எடுக்கலாம் என்று நாங்களே எழுதிக் கொடுத்தோம். அப்படி எழுதியதால்தான் வந்த பொறியாளர் உட்கார்ந்து பேசினார் என்று நினைக்கிறேன்.

மார்ச் 22 கிராம சபை. தீர்மானத்தில் மூன்று வரி கேட்கிறோம்: எல்லைக்கு வெளியே நிற்கும் மரங்களின் எண்ணை நீக்க வேண்டும். கிழக்கில் மட்டும் அகலப்படுத்த வேண்டும். வெட்டுகிற ஒவ்வொரு மரத்துக்கும் ஈடாக நடும் கன்று அதே சாலையில், சர்வீஸ் ஓரத்தில், மூன்று வருஷத் தண்ணீருக்குப் பொறுப்பானவர் பெயரோடு இருக்க வேண்டும்.

உங்கள் ஊர்ச் சாலைக்கும் எண் போட்டிருந்தால் அந்தக் கட்டத்தை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். நிழலை அளக்கும் நாளில் மேகம் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தை, மாசியில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும், உச்சியிலும் நிழல் கொஞ்சம் வடக்கே நீளும். சித்திரையில் அளந்தால் கவிகைக்கு நேர் கீழே விழும். எந்த மாசம் அளந்தீர்கள் என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.